தடைக்காலம்

சித்திரையில் படகுகளைக் கட்டிப்போட்டால்
அறுபத்தோரு நாள் நான் நல்ல நோயாளி.
நெட்டுக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ,
கண்டெய்னர் வரிசைக்குள் ஒன்றரை மணி நேரம்,
பலகையைப் படிக்காமலே கால் பழகிய கதவு.
தேதி தப்பமாட்டேன்.
கவுன்சிலர் அம்மா புத்தகத்தில் டிக் அடித்து
'இப்படியே இருங்க தேசப்பன்' என்பார்.
இப்படியே இருக்கவேண்டுமென்றால்
ஆண்டு முழுக்கக் கடலை மூடவேண்டும்.

மற்ற மாதங்களில் என் தேதியை எழுதுவது
டீசல், ஐஸ், ஓனர் வாங்கிய கடன்,
கிருஷ்ணபட்டணத்துக்கு அப்பால்
யாரோ வயர்லெஸ்ஸில் சொன்ன கவலை மீன் கூட்டம்.
பன்னிரண்டு நாள் என்று கிளம்பினால் பதினெட்டு.
மாத்திரையை முப்பது என்று எண்ணித் தருகிறார்கள்.
கடலை யாரும் எண்ணித் தருவதில்லை.

தாமதத்துக்குக் காரணம்
படிவத்தில் நாலு கட்டம்:
மறதி. மது. வெளியூர். பிற.
நான் குடியிருப்பது பிறவில்.

டப்பா குலுங்கும்.
பஞ்சு அடைத்தேன், லேபிளை
உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன்.
ஒன்பது பேர், ஒரு கேபின், ஒரே அண்டாச் சோறு.
தெரிந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள்.
என் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள்,
அடுத்த நடைக்கு 'ஆள் ஃபுல்' என்பார்கள்.
டம்ளரில் ஒட்டாது என்று நர்சம்மா சொல்வது சரி.
அதைப் படகில் ஏறி வந்து அவர் சொல்லமுடியாதே.

கேஸ் மாத்திரை என்று சொல்லிவைத்தேன்.
நம்புவதற்காக ஏப்பமும் விட்டுக் காட்டினேன்.
மூன்று வருடம் அந்தப் பொய் மூழ்காமல் மிதந்தது.

போன ஐப்பசியில், ஏழாம் ராத்திரி,
எங்களில் சின்னவன் லோகு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
'நெஞ்செல்லாம் எரியுதுண்ணா.
உன் கேஸ் மாத்திரை ஒண்ணு குட்ண்ணா.'

கை நீட்டியபடி நின்றான்.
இருபது வயசுக் கை, கயிறு அறுத்த கோடுகள்.
ஒரு மாத்திரையில் ஒன்றும் ஆகாதோ என்னவோ.
நாளைக்கும் கேட்பான்.
கரைக்குப் போய் மெடிக்கலில்
'இதே மாதிரி' என்று காட்டிக் கேட்பான்.
'தீந்துபோச்சுடா' என்றேன்.
ஆப்பசோடா கரைத்து வெந்நீர் கொடுத்தேன்.
குடித்தான். ஏப்பம் விட்டான், நிஜ ஏப்பம். தூங்கினான்.

அன்றிலிருந்து பதினோரு ராத்திரி.
தீர்ந்துபோன மாத்திரையை எப்படி விழுங்குவது?
கால்மாட்டுப் பையில் அது, பஞ்சுக்குள்.
தலைமாட்டில் லோகு.
ஒன்றுக்குப் போவதுபோல ஒருநாள் அணியத்துக்குப் போனேன்.
பின்னாலேயே வந்து நின்றான்.
'தூக்கம் வர்லியாண்ணா?'
நல்ல பையன். அதுதான் கஷ்டம்.

கரை.
கவுண்டரில் டப்பாவைத் தட்டில் கவிழ்த்து
இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுகிறார் மருந்தாளர்.
'பதினொண்ணு கூடுதலா இருக்கே. போடலையா?'
எனக்குப் பின்னால் நிற்பவர்
ஏலத்தில் தராசு பிடிக்கிறவர்.
விசிறியை உற்றுப் பார்க்கிறார்.
நானும் அதே விசிறியைத்தான்.
துறைமுகத்தில் பார்த்தால் 'இன்னா தேசப்பா' என்று கத்துவார்.
இங்கே எங்களுக்குப் பேர் கிடையாது.

'மறந்துட்டேன்மா.'
மறதியில் டிக் விழுந்தது.
'மறக்கக்கூடாது தேசப்பன்.'
'சரிம்மா.'

வெளியே வந்து, பாலத்துக்குக் கீழே உள்ள மெடிக்கலில்
நிஜமான கேஸ் மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன்,
லோகுவுக்கு.
இரண்டையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன்.
இருட்டில் கை மாறிவிடக்கூடாதென்று
ஒன்றின்மேல் நைலான் நூல் சுற்றியிருக்கிறது.
எதன்மேல் என்று
உங்களுக்கும் சொல்லமாட்டேன்.